சாட்சி சொன்ன பிறகே கொக்கி

கொல்லைப்புறக் கொடியில் ஒரு மஞ்சள் பெல்ட் காய்ந்துகொண்டிருக்கிறது. சேற்றில் மாட்டிய ஜீப்பை இன்னொரு வண்டியில் கட்டி இழுப்பதற்கான பெல்ட். நான்கு விரல் அகலம், இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி. தண்ணீர் மாற்றி மாற்றி அலசியும் செம்மண் சாறு சொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், மாடு வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லப் போனால் கன்வீனர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நான்கு வார்த்தை திட்டலாம் என்றால், அவருடைய நல்ல குணங்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு எரிச்சலே அதில்தான்.

என் வீட்டுக்காரர் தருமபுரியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எங்கள் குழந்தை இறந்த அடுத்த வருடம் எங்கிருந்தோ ஒரு பழைய டீசல் ஜீப்பை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்து, பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட குழந்தை. அதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசிக்கொள்ளவில்லை. பேசாமல் இருப்பதற்கு இரண்டு பேருக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது. நான் பத்தாம் வகுப்பு விடைத்தாள்களை எடுத்துக்கொண்டேன், அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டார்.

ஜீப் இருந்தால் ஓட்ட இடம் வேண்டுமே. எங்கள் பக்கம் மலைக்குக் குறைவில்லை. ஆனால் நல்ல பாதை என்று ஆசைப்பட்ட இடமெல்லாம் காப்புக்காடாக இருந்தது. அவர் நேராக வனத்துறை அலுவலகத்துக்கே போய் விசாரித்தார். "உள்ள டயரு பட்டா கேஸுதாங்க. யாரு எவருன்னு பாக்கமாட்டோம்" என்று அங்கிருந்தவர் டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லி அனுப்பினார். பெங்களூரிலிருந்து வந்த ஒரு கூட்டத்தோடு ஒருமுறை போனார். அவர்கள் ஓடைக்குள் வண்டியை விட்டுக் கலக்கி, பீர் பாட்டிலைப் பாறையில் உடைத்துவிட்டு வந்தார்கள். எங்கள் சபையிலோ ஞாயிற்றுக்கிழமையில் ஜீப் ஓட்டுவதே உலகப்பிரகாரமான காரியம், விசுவாசிக்கு ஆகாது என்றார்கள். குடிக்காத, சட்டத்தை மீறாத, ஜெபம் பண்ணிவிட்டு வண்டியை எடுக்கிற நாலு பேர் நமக்குக் கிடைக்கமாட்டார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் தேடியது பாதையை மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். மனிதர் தனித்துப் போயிருந்தார். வீட்டில் நான் இருந்தும்தான்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சொல்லித்தான் கன்வீனர் அண்ணன் கிடைத்தார். டவுனில் டைல்ஸ் கடை வைத்திருந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பஞ்சு மாதிரிக் குரல். மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐந்தாறு ஜீப்புகள் அவர் கடை வாசலில் கூடும். பானெட்டில் கை வைத்து ஜெபம், பிறகு பயணம். 'ஜீப் ஐக்கியம்' என்று அதற்குப் பெயர், அண்ணன்தான் கன்வீனர். அண்ணன் சட்டத்தில் நூல் பிசகமாட்டார். பட்டா நிலம் என்றால் முந்தின வாரமே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் நிலத்துக்காரரிடம் சம்மதம் கேட்டு, பாதை முழுவதையும் கால்நடையாக நடந்து பார்த்துவிட்டு வருவார். கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை என்று இருந்தால்தான் சக்கரம் உருளும். வரப்பு இடிந்தால் அவரே மண்வெட்டி பிடித்துக் கட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். முதல் பயணம் முடிந்து வந்த அன்று என் வீட்டுக்காரர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதற்காகவே நான் அண்ணனுக்கு நன்றி சொல்லி ஜெபம் பண்ணினேன்.

ஐக்கியத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய வண்டி மாட்டினாலும் சும்மா இழுத்துவிடமாட்டார்கள். மாட்டியவர் இறங்கி நின்று, செய்த தவறு ஒன்றை எல்லார் முன்பும் சாட்சியாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகே கொக்கி மாட்டப்படும். "வண்டி சும்மா மாட்டாதுங்க பிரதர்" என்பார் அண்ணன். அப்படி இழுக்கப்பட்டவர் அந்த பெல்ட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி அடுத்த மாதம் எடுத்துவர வேண்டும். முதலில் எனக்கும் அது தமாஷாகத்தான் இருந்தது. கிரிக்கெட் மேட்சுக்காக ஆராதனைக்கு மட்டம் போட்டேன் என்று ஒருவர் சொன்னார். மாமியார் போன் வந்தால் பாத்ரூமுக்குள் போய்விடுகிறேன் என்று இன்னொருவர் சொன்னார். எல்லாரும் சிரிப்போம், ஸ்தோத்திரம் சொல்லிக் கை தட்டுவோம், இழுப்போம்.

சித்தேரி மலையடிவாரத்தில், ஓடையை ஒட்டிய ஒரு பட்டா நிலத்தில் எங்கள் வண்டி மாட்டியது. முன்தினம் பெய்த மழையில் களிமண் வெண்ணெய் மாதிரி இருந்தது. அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. அவர் இறங்கி நின்றார். நான் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். ஐக்கியத்தார் எல்லாரும் சுற்றி நின்றார்கள். நிலத்துக்காரரும் தலையில் துண்டோடு வேடிக்கை பார்த்தார்.

"பட்டறையில வேல பாக்கறவர போன வாரம் கண்டபடி திட்டிட்டேங்க" என்றார் என் வீட்டுக்காரர், சிரித்துக்கொண்டே.

"அது எல்லாரும் பண்றதுதாங்க. இன்னும் கொஞ்சம் உள்ள போங்க பிரதர்" என்றார் அண்ணன். கொக்கி அவர் கையில் இருந்தது.

"சரியா ஜெபம் பண்றதில்லீங்க. மனசு வர்றதில்ல."

"ஏன் வர்றதில்ல? இன்னும் உள்ள போங்க."

அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் சக்கரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "கொழந்த பெட்டியில இருந்தப்ப, எடுத்துக்குங்க ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணினேங்க. பொழச்சாலும் கண்ணு தெரியாது, நடக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நம்மளால ஆவாதுன்னு தோணுச்சு. எடுத்துக்குங்கன்னேன். எடுத்துக்கிட்டாரு."

நிலத்துக்காரர் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அங்கே அந்த மரியாதையைச் செய்தது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பழக்கம் விடாமல் ஸ்தோத்திரம் சொல்லிக் கை தட்டினார்கள். கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது. "நியூட்ரல்ல போடுங்க சிஸ்டர்" என்றார் அண்ணன் என்னிடம். போட்டேன். என் பிள்ளை சாகவேண்டும் என்று என் புருஷன் வேண்டிக்கொண்டதைக் கேட்ட கையோடு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து அந்த வண்டியைக் கரையேற்றினேன். ஜன்னலருகே வந்து அண்ணன், "இன்னிக்கு ரெண்டு வண்டி வெளிய வந்துச்சு சிஸ்டர்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு திருப்தி. நல்லது செய்துவிட்டோம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அதனால்தான் அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் கொல்லையில் உட்கார்ந்து வெகுநேரம் பெல்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து கேட்பேன் என்று காத்திருந்தார். நான் சட்டினி அரைத்தேன். எனக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அந்த நாட்களில் தினமும் காலையில் பாலைப் பீய்ச்சி ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, தையல் வலியோடு படியேறிப் போய் நர்ஸிடம் கொடுப்பேன். குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அவர் ஜெபம் பண்ணினது எந்த ராத்திரி? நான் அதற்குப் பிறகும் எத்தனை தடவை அந்தப் படிகளை ஏறினேன்? கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் ஏன் ஐக்கியத்துக்குப் போனீர்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். அவர் போனது, மனதில் இருந்ததைச் சொன்ன பிறகும் தன்னைச் சேர்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்காக. நான் போனது அண்ணனுடைய வண்டி மாட்டுவதைப் பார்ப்பதற்காக.

ஆண்டவர் என்னை அதிகம் காக்க வைக்கவில்லை. அடுத்த மாதமே, வேலை நின்றுபோன ஒரு கல் குவாரியில், உரிமையாளர் சம்மதத்தோடுதான், அண்ணனின் வண்டி கல்தூள் சேற்றில் கதவு வரைக்கும் இறங்கியது. பெல்ட் எங்கள் வண்டியில் இருந்தது. என் வீட்டுக்காரர் எழுவதற்குள் நான் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"சொல்லுங்கண்ணா" என்றேன்.

அவர் சிரித்தார். போன வாரம் உபவாச ஜெபத்தில் தூங்கிவிட்டேன் என்றார். யாரோ கை தட்டப் போனார்கள்.

"அது எல்லாரும் பண்றதுதாங்கண்ணா. இன்னும் கொஞ்சம் உள்ள போங்க."

சிரிப்பு போய்விட்டது. மண் லூசாக இருக்கிறது, போன வாரம் நடந்து பார்த்தபோது கெட்டியாக இருந்தது, இது வெறும் மண்ணுடைய கோளாறு என்று விளக்க ஆரம்பித்தார். அவர் வண்டி மட்டும் சும்மா மாட்டுமாம். நான் கொக்கியைக் கொடுக்கவில்லை. அண்ணனின் மனைவி வண்டியிலிருந்து இறங்கி, சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிக்கொண்டு சேற்றைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த அக்கா எந்தப் பயணத்திலும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "விடாதீங்க சிஸ்டர், கேளுங்க. நானும் தெரிஞ்சுக்கணும்" என்றார்.

அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வெட்ட ஆரம்பித்தார். உச்சி வெயில். அவர் வெட்டி எடுக்க எடுக்கச் சேறு வழிந்து வந்து குழியை மூடியது. வெள்ளைச் சட்டை சாம்பல் நிறத்துக்கு மாறியது. யாரும் உதவிக்குப் போகவில்லை. அவர் பேசாமல் வெட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு நிமிடமும், அங்கே சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துகொண்டே வந்தது. அந்த அக்காவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தது. எனக்கு அது இனித்தது. அதை மறைக்கமாட்டேன்.

கெடுத்தது என் வீட்டுக்காரர்தான். என் தோளிலிருந்து பெல்ட்டை உருவிக்கொண்டு போய், சேற்றில் மண்டியிட்டு, ஒன்றும் கேட்காமல் கொக்கியை மாட்டினார். எங்கள் ஜீப்பை ரிவர்ஸில் எடுத்து இழுத்தும் விட்டார். வெளியே வந்த அண்ணன் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சாயங்காலமே எங்கள் இரண்டு பேரையும் வாட்ஸாப் குரூப்பிலிருந்து நீக்கினார். பெல்ட்டைக் கேட்டு யாரும் வரவில்லை. இப்போதும் ஐக்கியம் நடக்கிறது, சாட்சியும் நடக்கிறது என்று கேள்வி. அண்ணன் மட்டும் தன் வண்டியின் முன்னால் மோட்டார் வைத்த இழுவை உருளை ஒன்றைப் பூட்டிக்கொண்டாராம். கம்பியை மரத்தில் கட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினால், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். மரம் ஒன்றும் கேட்காது. அந்த அக்காவைச் சந்தையில் பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொள்வார். "இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா சொல்லியிருப்பாரா சிஸ்டர்?" என்பார். ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான்.

நேற்று இண்டூர் பக்கம் ஒரு மாந்தோப்புக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போயிருந்தோம். என் வீட்டுக்காரர் முந்தின வாரமே வாழைப்பழத்தோடு போய்ச் சம்மதம் கேட்டு வைத்திருந்தார். அண்ணனிடமிருந்து அவருக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். வாய்க்காலைத் தாண்டும்போது பின்சக்கரம் இறங்கிவிட்டது. தோப்புக்காரர் டிராக்டரைக் கொண்டுவந்து, குனிந்து கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் வண்டிக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க நிக்கறீங்க? நியூட்ரல்ல போடுங்க" என்றார் தோப்புக்காரர்.

வண்டி ஒரே இழுப்பில் மேலே வந்தது. தோப்புக்காரர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். இவர் பெல்ட்டைச் சுருட்டிப் பின்சீட்டில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருகவில்லை. "ஒன்னுமே கேக்காம இழுத்துட்டாரு, பாத்தியா" என்றார். அவர் முகம், முதல் பயணம் முடிந்து வந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்ட அன்றைய முகம் மாதிரி இருந்தது.

"நான் கேக்கறேன்" என்றேன். "எந்த ராத்திரி?"

அவர் மறுக்கவில்லை, மழுப்பவில்லை. "மொத ராத்திரியே" என்றார்.

"அப்பறம்?"

"அப்பறமும்."

"இன்னும் சொல்லுங்க" என்றேன். என் குரல் பஞ்சு மாதிரி இருந்தது. அவர் சொன்னார். நான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு படியேறிய ஒவ்வொரு காலையும், அதற்கு முந்தின ராத்திரியும், ஒன்று விடாமல் சொன்னார். தோப்பில் வெயில் தாழும் வரைக்கும் நான் அவரைச் சாவியில் கை வைக்க விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். இன்று பட்டறையும் திறக்கவில்லை. இழுக்கப்பட்டவர்தான் பெல்ட்டைக் கழுவ வேண்டும் என்பது வழக்கம். காலையில் நானே கழுவிப் போட்டேன்.