தங்கையா அண்ணன் கை காட்டாத இடம்

தங்கையா அண்ணனின் சுற்றுலா வேனில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: இங்கே யாருக்கு டிப்ஸ் கொடுக்கலாம்? நம் நாட்டில் அந்தப் பழக்கம் அவ்வளவாக இல்லை. கொடுத்தாலும் குழப்பம், கொடுக்காவிட்டாலும் உறுத்தல். அண்ணன் சளைக்காமல் பதில் சொல்வார். கூடையோடு படத்துக்கு நிற்கிற பெண்ணுக்குக் கொடுங்கள், தேநீர்க் கடையில் தட்டு எடுக்கிற நேப்பாளிக்குக் கொடுங்கள் என்பார். தனக்கென்று வாய் திறக்க மாட்டார். தேயிலை எஸ்டேட் முழுக்க நல்ல மனுஷன் என்று பெயர்.

கழிப்பறைப் பக்கம் மட்டும் கை காட்ட மாட்டார். அங்கே மாப்பும் வாளியுமாக நிற்பது அவர் மனைவி மணியம்மா.

மணியம்மா அக்கா முப்பது வருடம் இதே மலையில் கொழுந்து எடுத்தவள். தோள் தூக்க முடியாமல் போனதும் கான்டிராக்டர் இந்த வேலையைக் கொடுத்தான். பிரிஞ்சாங் டவுனிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் வரும்; மழைச் சேறு மிதித்த காலோடு உள்ளே போகும். இவள் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போவாள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. மற்ற வேன்களில் வருகிறவர்கள் ஏதாவது போடுவார்கள். அண்ணனின் வேனில் வந்தவர்கள் கையை உதறிக்கொண்டு போய்விடுவார்கள்.

"சொந்தப் பொண்டாட்டிக்குக் காசு போடுங்கன்னா, பிச்சை கேக்குற மாதிரி லா," என்றார் அண்ணன் ஒருமுறை, பக்கத்தில் சோளம் அவித்து விற்கும் என்னிடம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மானம் அவருக்கு, தோள்வலி அவளுக்கு.

போன பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் அம்மாள் ஒருத்தி அக்காவைக் காட்டியே கேட்டுவிட்டாள்: "அண்ணே, இவங்களுக்குக் குடுக்கணுமா?"

"வேணாம்மா. அவங்களுக்குச் சம்பளம் இருக்கு."

அக்கா நாலடி தள்ளித்தான் நின்றாள். சாயங்காலம் அண்ணனை என் கடை முன்னாலேயே மறித்தாள்.

"அந்த நேப்பாளி யாருங்க உங்களுக்கு? அவனுக்குக் கேக்குறீங்க. நான் செய்யுறது வேலை இல்லையா?"

அண்ணன் வேன் சாவியைத் தேடுகிற மாதிரி பையைத் தடவினார்.

"காசு கெடக்கட்டும். இந்தப் பொம்பளையும் பாடுபடுறா, அவ கையில குடுங்கன்னு ஒரு தடவ உங்க வாயால சொல்லுங்க. அது போதும்."

மறுநாள் சொல்லிவிட்டார். ஈப்போவிலிருந்து வந்த குடும்பம். தகப்பனார் கேட்டதும் அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அங்க கழுவுறாங்களே, அவங்களுக்குக் குடுங்க சார். நாள் முழுக்க நிக்கிறாங்க." பிறகு என்ன தோன்றியதோ, "என் வைஃப்தான்," என்றார்.

எனக்கே கண் கலங்கிவிட்டது. அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"அப்படியா! சொல்லவே இல்லையே!" ஈப்போக்காரருக்கு ஒரே சந்தோஷம். இருபது வெள்ளி நோட்டை எடுத்து அண்ணனின் சட்டைப் பையில் செருகித் தோளைத் தட்டினார். "ரெண்டு பேருக்கும் சேர்த்து வச்சுக்குங்க." அக்கா பக்கம் ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான், வேனில் ஏறிவிட்டார்கள்.

அண்ணன் நோட்டோடு ஓடி வந்தார். "இந்தா மணி, ஒனக்குத்தான்."

அக்கா வாங்கவில்லை. கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"என் கை இங்கதானேங்க இருந்துச்சு," என்றாள்.

அடுத்த பஸ் வந்து நின்றது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.