வாசிக்காமல் விட்ட வரி

மரக்கட்டையில் கத்தி விழும் ‘டக், டக்’ சத்தமும், ஐஸ் உருகி வழியும் தண்ணீரின் கவிச்சியும் சேர்ந்துதான் அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமையை அழைத்து வரும். கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மீன் கூடையோடு வரும் அஞ்சலையக்கா, வேப்பமரத்தடியில் கடை விரித்து, இடது கையில் கத்தி பிடித்து வஞ்சிரத்தைத் துண்டு போடும் வேகத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ‘பீச்சாங்கை’க்காரி என்று தெருவில் கேலி செய்வார்கள், ஆனாலும் மீனுக்கு அவரிடம்தான் போவார்கள்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. இங்கிலீஷில் நான்தான் முதல் என்ற திமிர் தலைக்கேறியிருந்த காலம். அந்த வாரம் பாடத்தில் ‘சினிஸ்டர்’ என்றொரு சொல் வந்தது. ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று தோன்றவைக்கும் எதையும் அப்படிச் சொல்லலாம் என்றார் டீச்சர். வீட்டிலிருந்த தடித்த அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் அதற்கு ‘இடப்பக்கம்’ என்றுதான் பொருளாம்.

அந்த ஞாயிறு எதிர்வீட்டு ஆன்ட்டி மீன் வாங்க நின்றிருந்தார். இரண்டு நாள் முன்புதான் அவர் கணவர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டிருந்தார். நாலு பேர் கூடிய இடத்தில் என் மேதாவித்தனத்தைக் காட்டாமல் இருக்க முடியுமா?

“ஆன்ட்டி, கெட்ட சகுனத்துக்கு இங்கிலீஷ்ல ஒரு வேர்ட் இருக்கு. அதோட ரூட்டே லெஃப்ட் சைடுதான்!”

ஆன்ட்டி அஞ்சலையக்காவின் கையைப் பார்த்தார். “பாத்தியா, நாம சொன்னா மூடநம்பிக்கைம்பாங்க. இங்கிலீஷ்காரனே எழுதி வெச்சிருக்கான்!”

படித்தவர்கள், ஆபீஸ் போகிறவர்கள் நிறைந்த தெரு. சகுனம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; “டிக்‌ஷனரிலயே போட்டிருக்காமே” என்றுதான் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு மத்தியானமாகியும் பாதிக் கூடை மீன் அப்படியே கிடந்தது. அஞ்சலையக்கா என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, அந்த பொஸ்தகத்துல என் கையப் பத்தி இன்னா போட்டுகீது? கரீட்டா சொல்லு.”

அகராதியில் இன்னொரு வரியும் இருந்தது. பழைய ரோமில் சகுனம் பார்த்தவர்களுக்கு இடப்பக்கமே நல்ல பக்கமாக இருந்ததென்றும், கெட்ட பெயர் பிற்பாடுதான் ஒட்டிக்கொண்டதென்றும் அதில் போட்டிருந்தது. அதை முதல் நாளே நான் படித்துவிட்டேன். சொன்னால் என் கெத்து என்னாவது? “அவ்ளோதான்க்கா போட்டிருக்கு” என்றேன். சீ, இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

அதற்கடுத்த வாரம் அவர் வலது கையில் கத்தி பிடித்திருந்தார். இடது கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியில் ரத்தம் ஊறியிருந்தது. “அல்லார்கிட்டயும் சொல்லு பாப்பா, சோத்துக்கையாலதான் வெட்றேன்” என்று சிரிக்கப் பார்த்தார். என் அம்மாவும் “இன்னிக்கு வேணாம்” என்று முகம் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். அதன்பிறகு அஞ்சலையக்கா எங்கள் தெருவுக்கு வரவேயில்லை.

கோவளம் போகும்போதெல்லாம் மீன் விற்கும் பெண்களின் கட்டைவிரலில் தழும்பு தேடுகிறேன். கண்டுபிடித்தால் எந்த முகத்தோடு அவர் முன்னால் நிற்பேன், தெரியவில்லை. வேப்பமரம் இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மென்ட் கேட். மீன் கழுவி, துண்டுபோட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வீடு தேடி வருகிறது. எதிர்வீட்டு ஆன்ட்டியும் செயலியில்தான் வாங்குகிறார். வெட்டியது எந்தக் கை என்று எங்கள் தெருவில் இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.