மூன்று மில்லிமீட்டர்

மலேசியாவின் ரவாங்கில், நான் டிராயிங் போடும் வேலை பார்த்த தொழிற்சாலையில், தகடு வளைக்கும் இயந்திரத்தை ஓர் அக்கா ஓட்டினார். கோலா குபு பாருவிலிருந்து ரயிலில் வருவார். முன்தலை நரைத்த, உயரமான பெண். வளைத்த ஒவ்வொரு விளிம்பையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் அடுக்குவார்.

ஒருநாள் அவர் வளைத்த மூடிகள் மூன்று மில்லிமீட்டர் குறைந்து, பெட்டியில் பொருந்தாமல் போயின. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அக்காவைத் திட்டினார். தவறு என்னுடையது. இரண்டு மில்லிமீட்டர் தகட்டை மூன்று என்று கணினியில் போட்டு, வளைவுக்காகக் கழிக்கும் அளவைக் கூடுதலாகக் கணக்கிட்டிருந்தேன்; ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் குறைந்து, மொத்தம் மூன்று மில்லிமீட்டர் போய்விட்டது. பக்கத்தில் நின்றும் நான் வாய் திறக்கவில்லை.

மாலையில் அவரிடம் போனேன். "அக்கா, என் டிராயிங்தான் தப்புன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"திட்டுறப்பவே தெரியும் தம்பி. நீங்க சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்லா."

மறுநாள் சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னேன். "சரி, திருத்திருங்க" என்றார், குரல்கூட உயரவில்லை. அக்காவிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.