மரக்காலுக்குள் போன விண்வெளி வீரன்

மகன் அட்டையில் செய்த விண்வெளித் தலைக்கவசத்தை மாட்டிப் பார்த்தேன். உள்ளே என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. சின்ன வயதில், வலங்கைமான் பக்கத்து எங்கள் களத்தில் ஒருநாள் கேட்ட அதே மூச்சு.

அன்று அறுவடைக் கூலியாக நெல் அளக்கும் நாள். எங்கள் இரும்பு மரக்கால் அளவில் சிறியது என்று ஆட்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். நானோ அதே மரக்காலில் சிகரெட் வெள்ளித்தாளை ஒட்டி, தலையில் கவிழ்த்து, சந்திரனுக்குப் போயிருந்தேன். திரும்ப முடியவில்லை. காது மாட்டிக்கொண்டது.

"மரக்கால் எங்கடா?" அப்பாவின் குரல்.

"ஒளிச்சு வச்சிட்டீங்களா?" இது கூலியாட்களின் சங்கத் தலைவர் மாரிமுத்து. பின்னால் அரிவாள்கள் உரசும் சத்தம்.

வைக்கோல் பட்டறைக்குப் பின்னாலிருந்து தடவித் தடவி வெளியே வந்தேன். மாரிமுத்து என் காதோரம் எண்ணெய் விட்டு, மெல்லத் திருகி உருவினார். பிறகு மரக்காலை அப்பாவிடம் நீட்டினார்.

"புள்ள தலைக்கே பத்தலைங்க. எங்க வயித்துக்கு எப்படிப் பத்தும்?"

அப்பா என்னைப் பார்த்த பார்வைக்குச் சந்திரனிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் அன்று ஒவ்வொரு மரக்காலையும் கோபுரமாகக் குவித்துத்தான் அளந்தார்.

"அப்பா, போதும், கழட்டுங்க" என்கிறான் மகன்.

கழட்டத்தான் பார்க்கிறேன். காது மாட்டிக்கொண்டிருக்கிறது.