மூன்றாவது பாட்டில் தளர்ந்த குரல்

நான் அப்போது அடையாற்றில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். நரம்பு தசையைத் தொடும் இடத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைவேன். நரம்பின் நுனியிலிருந்து ஒரு ரசாயனம் கசியும், தசைச் செல்லின் மேலுள்ள ஏற்பிப் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு திறக்கும், தசை சுருங்கும். வர்ணச் சாக்பீஸில் நான் போடும் அந்தப் படத்தில் எனக்குக் கர்வமே உண்டு.

என் தங்கை பாடுவாள். இருபத்திரண்டு வயது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழியில், மயிலாப்பூர் சபா ஒன்றில் அவளுக்கு மத்தியானக் கச்சேரி கிடைத்தது. முதல் இரண்டு பாட்டும் கணீரென்று வந்தன. மூன்றாவதில் குரல் மூக்குக்குப் போயிற்று, இமைகள் சரிந்தன. தூங்கி வழிகிறாள் என்று முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

எங்கள் பக்கத்தில் பாடகிக்குக் குரல் தளர்ந்தால் ஒரே மருந்துதான்: சாதகம். விடியற்காலை நாலரைக்கு அவளை எழுப்பி உட்கார வைத்து நானே தாளம் போட்டேன். தொடக்கத்தில் நன்றாகத்தான் பாடுவாள். அரைமணியில் குழறும்.

"முடியலேண்ணா," என்பாள்.

"ஆரம்பத்துல வந்த குரல் இப்போ எங்கே போச்சு? எல்லாம் சோம்பேறித்தனம். இன்னொரு தரம் பாடு."

"குழந்தையைப் படுத்தாதேடா," என்றாள் அம்மா. நான் கேட்கவில்லை. இப்படி ஐந்து வாரம்.

ஒருநாள் குடித்த காபி மூக்கு வழியே வந்து அவளுக்குப் புரையேறியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவள் உடம்பே அந்த ஏற்பிகளைத் தாக்கி அழிக்கிறது என்றார் டாக்டர். மிச்சமுள்ளவற்றை வைத்துக்கொண்டு தசை வேலை செய்யச் செய்யச் சோர்ந்துபோகும், ஓய்வு கொடுத்தால்தான் கொஞ்சம் மீளும் என்றார். எல்லாம் என் பாடம்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அது நான்தான்.

நோயை உறுதிப்படுத்த ஓர் ஊசி போட்டார். ஒரு நிமிஷத்தில் அவள் இமைகள் மேலேறின, குரல் தெளிந்தது. சில நிமிஷம்தான் நிற்கும் என்று அவளிடமும் சொல்லியிருந்தார்கள். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நான் நிஜமாவே முடியலைன்னுதாண்ணா சொன்னேன். நீ நம்பலை."

நான் வார்த்தை தேடுவதற்குள் இமைகள் இறங்கிவிட்டன. மாத்திரைகள் கொஞ்ச நாள் தாங்கின. பங்குனியில் மூச்சுவிடும் தசைகளும் ஓய்ந்தன. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. உடம்பு தேறட்டும், சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.