களத்தில் குவித்த பந்துகள்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்லக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

கண்டிச் சீமையில் தெல்தோட்டைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்தேன். எங்கள் வெள்ளைக்காரத் துரை, புல்தரையில் மரப்பந்து உருட்டும் விளையாட்டில் தன் நாட்டுக்காகப் பக்கத்து நாட்டோடு ஆடியவர். காப்பியில் இலை நோய் விழுந்து விளைச்சல் குறைந்ததும், சும்மா கிடந்த காப்பி காயவைக்கும் களத்தில் மண் போட்டுப் புல் வளர்த்தார். அந்தப் புல்லை வெட்டுவதும் அதன் மேல் உருளை இழுப்பதும் என் வேலை.

தூரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பந்து கிடக்கும். அதற்கு மிகக் கிட்டப் போய் நிற்கும் மரப்பந்துக்கே வெற்றி. மரப்பந்தில் ஒரு பக்கம் கனம் அதிகம். நேராக ஓடாது, வளைந்துதான் போகும். துரை ஒற்றை முழங்காலை மடித்துப் பந்தை உருட்டி விடுவார். வழி தெரிந்த மாடு கொட்டிலுக்குத் திரும்புவதுபோல் அது போய் நிற்கும்.

"பச்சப்புள்ள மாதிரி பந்து உருட்டுறாரே, இதுக்கா கப்பலேறி வந்தாரு?" என்று பழம் பறிக்கும் பெண்கள் சிரிப்பார்கள். எனக்கோ வாய் பிளந்து பார்க்கத்தான் தோன்றும்.

தோட்டத்தை மூடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட வருடம், ஆஸ்திரேலியாவிலிருந்து துரையின் நாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த பெரிய ஆட்டக்காரர் ஒருவர் கண்டிக்கு வந்தார். துரை அவரை ஆட்டத்துக்கு அழைத்தார்.

"அவரை செயிச்சா எங்க நாட்டுல என்னைத் திரும்ப ஆடக் கூப்பிடுவாங்க," என்று உருளை இழுத்துக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்.

ஆட்டம் கடைசிச் சுற்றுவரை சமமாக நின்றது. துரையின் கடைசிப் பந்து வளைந்து வந்து வெள்ளைப் பந்தின் அருகே நின்றது. வந்தவருடைய பந்தும் பக்கத்தில்தான். அளக்கக் கயிறு எடுக்கும்போது இடி இடித்தது.

இடி கேட்டால் களத்தில் காயும் காப்பியை ஓடிப் போய்க் குவித்து மூட வேண்டும். எத்தனையோ வருடப் பழக்கம். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த, எங்களை வேலை வாங்கும் கங்காணி, "மழை வருது! அள்ளுங்கடா, அள்ளுங்கடி!" என்று கத்திவிட்டார். ஆணும் பெண்ணும் பாய்ந்து, பந்துகளையெல்லாம் ஒரே குவியலாக்கிச் சாக்குப் போட்டு மூடினார்கள். அதற்குப் பிறகுதான், அள்ளியது காப்பி அல்ல என்று விழித்தார்கள்.

"உங்கள் பந்துதான் கிட்ட நின்றது என்று நினைக்கிறேன்," என்றாராம் வந்தவர். பக்கத்தில் நின்ற, இங்கிலீஷ் தெரிந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பிறகு எங்களுக்குச் சொன்னது இது. துரை ஒப்பவில்லை. இன்னும் அளக்கவில்லை, கலைத்ததும் என் ஆட்கள், திரும்ப ஆடுவோம் என்றாராம்.

மழையிலேயே ஆடினார்கள். நனைந்த புல்லில் துரையின் பந்து ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. தோற்றார். வந்தவரின் கையைக் குலுக்கிவிட்டு, நடுங்கிக்கொண்டிருந்த கங்காணியிடம் வந்தார்.

"என்னா கங்காணி, காப்பி நனையலதானே?"

"நனையலைங்க தொரை," என்றார் கங்காணி, அழுகிற குரலில்.

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் எதை இழந்தார் என்று தெரிந்த என்னால் முடியவில்லை.

வண்டியேறும்போது வந்தவர் தொப்பியைக் கழற்றி, நான் வென்றதை மட்டுமல்ல, நடந்ததையும் உங்கள் நாட்டில் சொல்வேன் என்றாராம். சொல்லியிருக்கிறார். தோட்டம் மூடியபின் ஊர் போன துரையை மறுபடி நாட்டுக்காக ஆடக் கூப்பிட்டார்கள் என்று, இன்று காலை கண்டிக் கடைத்தெருவில் கணக்கப்பிள்ளை சொன்னார்.

"செயிச்சாரா?" என்று கேட்டேன்.

"அது தெரியாதுப்பா. ஆடினாரு."

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

அம்பிட்டிய, ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து மூன்றாம் வருடம், ஆவணி மாதம் ஐந்தாம் தேதி.