கூட்டினா ரெண்டு வருது

பருத்திப்பட்டு வீட்டுக்கு இன்டர்நெட் இழுத்த அன்னிக்கு, வயர் போட வந்தவர் வைஃபைக்கு எட்டு இலக்கத்துல ஒரு பாஸ்வேர்டு கேட்டார். என் புருஷன் யோசிச்சுக்கிட்டு நின்னார். நான் யோசிக்கவே இல்ல. 73939133-ன்னு சொன்னேன்.

எம்.எஸ்ஸி. கணக்கு படிச்சப்போ மனசுல உட்கார்ந்த எண் அது. பகா எண், ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாது. அது என்ன பெரிசு, அந்த மாதிரி எண் எத்தனையோ கிடக்கு. இதோட கடைசி இலக்கத்தை வெட்டிப் பாருங்க: 7393913. அதுவும் பகா எண். இன்னொண்ணு வெட்டுங்க: 739391. அதுவும்தான். வெறும் 7 நிக்கிற வரைக்கும் வெட்டிக்கிட்டே வாங்க, ஒண்ணுகூட வகுபடாது. இந்த ரகத்துல இதைவிடப் பெரிய எண்ணே கிடையாது. கல்யாணமாகி வந்த வீட்டுல நான் ஆசைப்பட்டு வச்சது அந்த ஒண்ணுதான்.

அவருக்கு அம்பத்தூர்ல பைக் பார்ட்ஸ் கடை. வியாபாரம் படுத்ததும் திருவேற்காட்டுல ஒரு எண் ஜோசியர்கிட்ட போனார். வீட்டுல, கடையில இருக்குற நம்பரெல்லாம் கூட்டினா ஆறு வரணும்னு அந்த மகராசன் சொல்லிட்டான். அப்புறம் கேஸ் சிலிண்டர் மேல இருக்குற நம்பரைக்கூட இவர் விடல. தலையெழுத்து!

அந்த நேரத்துலதான் ஒரு ஆன்லைன் டியூஷன் கம்பெனியில என்னை டெமோ கிளாஸ் எடுக்கக் கூப்பிட்டாங்க. காலைல பதினோரு மணிக்கு. புள்ளைங்களை வளர்த்து ஆளாக்கினப்புறம் எனக்குன்னு வந்த முதல் வேலை. நல்ல புடவையா கட்டிக்கிட்டு லேப்டாப்பைத் திறந்தா, பாஸ்வேர்டு தப்புங்குது. திரும்ப அடிச்சேன். தப்பு. என் எண்ணை நான் தப்பா அடிப்பேனா? என் போன்ல டவர் ஒரு கோடுதான், வீடியோ ஓடாது. அவருக்கு அடிச்சேன், அடிச்சேன், எடுக்கல. எடுத்தப்போ பன்னெண்டு ஆகப்போகுது.

"அதுவா, காலைல நான்தான் மாத்துனேன். கூட்டினா முப்பத்தெட்டு, மூணும் எட்டும் பதினொண்ணு, கடைசில ரெண்டு வருது. ரெண்டு நம்ம ஊட்டுக்கு ஆவாதும்மா. கடைசி மூணை எடுத்துட்டு ஏழு போட்டுக்கினேன். இப்ப ஆறு."

73939137. கூட்டினா ஆறு வர்ற எந்தப் பெரிய எண்ணும் மூணால வகுபட்டே தீரும். பகா எண்ணா இருக்கவே முடியாது. ஒம்பதும் அப்படித்தான். ராசி ராசின்னு இவங்க தூக்கி வச்சுக் கொண்டாடுறது பூரா இந்த எண்ணுங்களைத்தான்.

கம்பெனிக்குக் கெஞ்சி மெயில் போட்டேன். நேரத்துக்கு வராதவங்களுக்கு மறுபடி வாய்ப்பு இல்லன்னு சாயங்காலமே பதில் வந்துடுச்சு.

அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். தோசையைப் பிச்ச கை அப்படியே நின்னுடுச்சு. நெஜமாவே வருத்தப்பட்டார், பாவி மனுஷன்.

"பாத்தியா? இத்தினி நாளா ஊட்ல அந்த ரெண்டாம் நம்பர் ஓடிக்கினு இருந்துச்சு. அதான் உன் வேலையைத் துன்னுடுச்சு. நல்ல வேளை, மாத்திட்டேன்."